தடையை அளந்தவர்

ஜெர்மனி நாட்டின் எர்லாங்கன் நகரில் 1789ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் ஜார்ஜ் சைமன் ஓம் பிறந்தார். அவருடைய தந்தையார் பூட்டுத் தொழிலாளி. முயன்று தாமே கணிதமும் அறிவியலும் கற்றவர். ஓமுக்குப் பத்து வயதானபோது தாயார் காலமானார். தந்தையாரே மகன்களுக்கு ஆசானாகவும் விளங்கினார்.

பதினாறாம் வயதில் பல்கலைக்கழகம் சென்ற ஓம், நடனத்திலும் பனிச்சறுக்கிலும் பில்லியர்ட்ஸ் ஆட்டத்திலும் பொழுதைக் கழித்தார். சினமுற்ற தந்தையார் அவரைச் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிவைத்தார். அங்கு ஒரு பள்ளியில் கணிதம் கற்பித்துக்கொண்டே ஓம் தாமாகப் பயின்றார். 1811இல் முனைவர் பட்டம் பெற்றார்.

1817இல் கொலோன் நகரில் ஆசிரியர் பணி கிடைத்தது. அப்பள்ளியில் நல்ல ஆய்வுக்கூடம் இருந்தது. கம்பியின் நீளம் கூடும்போது மின்னோட்டம் எந்த அளவு குறைகிறது என்பதை அவர் ஆராயத் தொடங்கினார். அக்கால மின்கலங்களின் ஆற்றல் நிலையாக இருப்பதில்லை. அதனால் 1825இல் அவர் வெளியிட்ட முடிவு பிழையாயிற்று. ஓம் சோர்ந்துவிடவில்லை. இரு வேறு உலோகங்களை இணைத்து, ஓர் இணைப்பைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். வெப்பநிலை வேறுபாடு மாறாததால் மின்னழுத்தமும் மாறவில்லை. சோதனைகளை மீண்டும் செய்து, சரியான விதியைக் கண்டறிந்தார். மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் மின்னழுத்தம் கிடைக்கும் என்பதே அவ்விதி.

1827இல் அவர் எழுதிய நூலுக்கு வரவேற்பு இல்லை. எதிர்பார்த்த பேராசிரியர் பதவியும் கிட்டவில்லை. மனமுடைந்த ஓம், 1828இல் கொலோன் பணியைத் துறந்தார். சில ஆண்டுகள் குறைந்த வருமானத்தில் வாழ்ந்தார். 1841இல் இலண்டன் ராயல் கழகம் கோப்லி பதக்கம் வழங்கியபோது, அவர் உழைப்பின் மதிப்பை உலகம் அறிந்தது. 1852இல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். இரண்டே ஆண்டுகளில், 1854 ஜூலை 6ஆம் நாள் இயற்கை எய்தினார். 1881இல் பாரிஸ் மாநாடு மின்தடையின் அலகுக்கு அவர் பெயரையே சூட்டியது.

இன்று மாணவர் ஒருவர் 9 வோல்ட் மின்கலத்தில் சிவப்பு எல்.இ.டி. விளக்கை எரியவைக்க விரும்பினால், ஓம் கண்ட விதியே துணைநிற்கும். விளக்கை நேரடியாக இணைத்தால் மின்னோட்டம் மிகுந்து அது பழுதாகிவிடும். விளக்குக்குத் தேவை ஏறத்தாழ 2 வோல்ட். எஞ்சிய 7 வோல்ட்டை மின்தடையம் ஏற்க வேண்டும். தேவையான மின்னோட்டம் 0.02 ஆம்பியர் எனில், 7ஐ 0.02ஆல் வகுக்க 350 ஓம் கிடைக்கும். அம்மதிப்பு கடையில் இல்லையெனில், அதைவிடச் சற்று உயர்ந்த 390 ஓம் மின்தடையத்தைத் தேர்ந்தெடுக்கலாம். மின்னோட்டம் சிறிது குறையும். விளக்கோ பாதுகாப்பாக ஒளிரும்.