கர்னல் பெடோம்

அரசர்தம் வெற்றிகளையும் புலவர்தம் புகழையும் கேட்டுப் பழகிய நமக்கு, ஒரு சிறு தவளையின் பொருட்டு ஒருவரை நினைத்தல் புதுமையாகத் தோன்றலாம். எனினும், மேற்கு மலைத்தொடரின் காடுகளைப் பயில்வோர் கர்னல் பெடோமை மறத்தல் இயலாது. அவர்தம் வாழ்வை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ரிச்சர்டு ஹென்றி பெடோம் 1830-ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்திற் பிறந்தார். தந்தையார் சட்டத்துறையினர், மகனுக்கும் அத்துறையே வகுக்கப்பட்டது. இளைஞரோ அதனை விழையாது, 1848-ல் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் சென்னைப் படையிற் சேர்ந்து இந்நாடு போந்தார். வாளேந்த வந்த அவருடைய உள்ளம் செடிகொடிகளிலும் ஊர்வனவற்றிலுமே தோய்ந்தது. 1856-ல் சென்னை மாகாணத்திற் காட்டிலாகா தோன்றிற்று. அதனை நிறுவிய டாக்டர் கிளெக்ஹார்ன், பெடோமின் ஆர்வத்தையறிந்து தம் உதவியாளருள் ஒருவராக்கினார். 1860 முதல் 1882 வரை பெடோமே அவ்விலாகாவின் தலைவராய் விளங்கினார்.

ஆனைமலை, நீலகிரி, திருவிதாங்கூர் மலைகள் யாவும் அவர் கால்பட்ட இடங்கள். தென்னாட்டுப் பெரணிகளைப் பற்றிய நூலும், மரங்களைப் பற்றிய பெருநூலும் படங்களுடன் வெளியிட்டார். மண்ணுட் புதைந்து வாழும் பாம்புகள் பலவற்றை முதன்முதல் விவரித்தவர் இவரே. 1878-ல் இலண்டன் விலங்கியற் சங்கத்தின் வெளியீட்டில் ஒரு கருந்தவளையை உலகிற்கு அறிமுகஞ் செய்தார். கட்டைவிரலளவினதாகிய அது, கரிய மேனியில் வெளிர்நீலப் புள்ளிகளும் தொடையருகே செந்நிறமும் உடையது. தொட்டால் உடலைச் சுருட்டிக்கொள்வது. தன் பேரினத்தில் வேறு துணையின்றித் தனித்து நிற்கும் இத்தவளை, தென் மலைகளின் ஈரக் காடுகளிலன்றிப் பிறிதோரிடத்தும் இல்லை.

அக்காலம் எத்தகையது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். காட்டிலாகா பிறந்த 1856-ஆம் ஆண்டிலேயே சென்னையிலிருந்து ஆர்க்காட்டை நோக்கி முதற் புகைவண்டி ஓடிற்று. தண்டவாளத்தின் அடிக்கட்டைகளுக்கு மரம் வேண்டியிருந்தது. வயநாட்டிலும் நீலகிரியிலும் காப்பித் தோட்டங்கள் பெருகின. நூற்றாண்டின் இறுதியில் ஆனைமலையிலும் காடு அழிந்து தோட்டமாயிற்று.

இம்மாற்றத்தால் தவளைக்கு நேர்வது யாதெனின், அதன் தோல் நீரையும் காற்றையும் உட்கொள்ளும் மென்மையுடையது. மரநிழல் நீங்கின் சருகு உலரும். சருகு உலரின் அதனடியில் வாழும் உயிர் மாயும். சில புதர்த்தவளைகள் நீரில் முட்டையிடுவதில்லை. ஈர இலைமீதிட்ட முட்டையினின்று தலைப்பிரட்டைப் பருவமின்றியே குஞ்சு வெளிப்படும். பெடோமின் பெயரையே தாங்கிய தாவுதவளையின் தலைப்பிரட்டைகளோ நனைந்த பாறைமீது ஊர்ந்து வளர்வன. ஓடைக்கரை வெட்டப்பட்டு, மண் கரைந்து பாறையை மூடினால் அவற்றிற்குப் புகலிடமில்லை. பூச்சிமருந்தும் அந்நீரிற் கலக்கின்றது.

உழவெல்லாம் தவளைக்குப் பகையென்று நாம் கூறவில்லை. நம் நெல்வயல்களிற் பெருந்தவளைகள் செழித்தே வாழ்கின்றன. ஆனால் வயலில் வாழவல்லது வேறு, மலைக்காட்டிற்கே உரியது வேறு. முன்னதன் பேரொலி கேட்டுப் பின்னதும் நலமென்று மகிழ்தல் பேதைமையாம். நிழல்மரம் விடுத்த காப்பித் தோட்டமும், ஓடையிருபுறத்தும் விட்ட காட்டுப்பட்டையும், தோட்டங்களிடை எஞ்சிய சோலைத்துண்டும் இம்மெல்லுயிர்களுள் சிலவற்றையேனும் காக்கும்.

பெடோமைக் குற்றமற்றவராகக் காட்டுதல் எம் கருத்தன்று. மரத்தைக் காத்தலோடு வெட்டிக் கொடுத்தலும் அவர் இலாகாவின் தொழிலே. ஆயினும், மரத்தை விலைப்பொருளாகக் கணக்கிட்ட அலுவலகத்தில் அமர்ந்த ஒருவர், விலையில்லாத் தவளைக்கும் ஏட்டில் இடந்தந்தார். அவ்வேடு இல்லையேல், நாம் இழந்தது இன்னதென்று அறியவும் வழியிராது. நெடுங்காலம் கட்புலனாகாதிருந்த அக்கருந்தவளையை மீண்டும் கண்டதாக 1997-ல் ஆய்வாளர் அறிவித்தபோது, ஒப்புநோக்க உதவியது பெடோமின் பழைய விவரமே.

1911-ல் பெடோம் இங்கிலாந்தில் மறைந்தார். அவர் நடந்த மலைகள் நமக்கு அண்மையிலேயே உள்ளன. விடுமுறையில் அங்குச் செல்லும் நம் மாணவ நண்பர்கள் காட்சியின் அழகோடு அமையாது, ஓடைக்கரைச் சருகையும் சற்றே குனிந்து நோக்குவாராக. கண்டதை நாளும் இடமும் குறித்து எழுதிவைத்தல், நம்மாலும் இயலும் தொண்டாகும்.