யார் இந்த ஹாலரித்? துளை போட்ட அட்டையும் வாடகைக் கணக்கும்

மாசச் சந்தா கட்டித்தானே உங்க ஆபீஸில் சம்பளப் பட்டியல் மென்பொருள் ஓடுது? அந்த வியாபார முறைக்கு 130 வயசு தாண்டிவிட்டது.

1860-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் பிறந்தவர் ஹெர்மன் ஹாலரித். 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலை பார்த்தார். அந்த விவரங்களைக் கையால் கூட்டிப் பிரித்து முடிக்க 7 ஆண்டுக்கு மேல் ஆனது. அதற்குள் அடுத்த கணக்கெடுப்பே வந்துவிடும் போல இருந்தது.

ரயில் கண்டக்டர்கள் பயணியின் தலைமுடி, கண் நிறத்தை டிக்கெட்டில் துளை போட்டுக் குறிப்பதை அவர் பார்த்திருந்தார். அதையே பிடித்துக்கொண்டார். ஆளுக்கு ஓர் அட்டை, விவரத்துக்கு ஒரு துளை. அட்டை மேல் ஊசிகள் இறங்கும். துளை இருந்தால் ஊசி கீழே உள்ள பாதரசத்தைத் தொடும், மின்சாரம் பாயும், கணக்கில் ஒன்று கூடும். அவ்வளவுதான். 1890-ல் மொத்த மக்கள்தொகை சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது. அடுத்து நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயின் சரக்குக் கணக்கும் அட்டைக்கு மாறியது.

ஆனால் கணக்கெடுப்புத் துறைக்கு அவர் இயந்திரத்தை விற்கவில்லை, வாடகைக்கு விட்டார். கட்டணம் கட்டுப்படியாகாத அந்தத் துறை 1905 வாக்கில் அவரைக் கைவிட்டு, சொந்தமாகவே இயந்திரம் செய்ய இறங்கியது.

1911-ல் கம்பெனியை விற்றார். வேறு நிறுவனங்களோடு இணைந்த அது 1924-ல் ஐபிஎம் ஆனது. 1929-ல் ஹாலரித் இறந்தார். வாடகை முறை மட்டும் தொடர்ந்தது. வாடிக்கையாளர் கேட்டால் விற்கவும் வேண்டும் என்ற நிபந்தனை, அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் 1956-ல்தான் வந்தது.