ஓடைக்கரையில் எலும்பைக் கண்டவர்

தொல்லியல் படிக்கும் எவரும் ஃபால்சம் என்ற ஊரின் பெயரைச் சீக்கிரமே கேட்டுவிடுவார்கள். நானும் கேட்டேன். அங்கே எலும்புகளை முதலில் கண்டவரின் பெயர்தான் எனக்கு வெகுநாள் கழித்துத் தெரிய வந்தது.

அவர் ஜார்ஜ் மெக்ஜங்கின். 1851இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த கறுப்பினத்தவர். விடுதலை கிடைத்தபின் மாட்டு மந்தைகளோடு மேற்கே போனார். பள்ளிக்கூடம் போனதில்லை. பிறருக்குக் குதிரை பழக்கக் கற்றுக்கொடுத்து, பதிலுக்கு எழுத்துப் படிக்கக் கற்றுக்கொண்டாராம். பிடில் வாசிப்பார். தொலைநோக்கி வைத்திருந்தார். விநோதமான கல், எலும்பு எது கிடைத்தாலும் சேர்த்து வைப்பார். நியூ மெக்சிகோவின் வறண்ட வடகிழக்கு மூலையில், குரோஃபுட் பண்ணையின் மேற்பார்வையாளராக உயர்ந்தார்.

1908 ஆகஸ்ட்டில் பெருவெள்ளம் ஃபால்சம் ஊரைச் சூறையாடியது. அதன்பின் வேலிகளைப் பார்க்கப் போனவர், வெள்ளம் அரித்துப்போட்ட ஓடைக்கரையில் எலும்புகள் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். செத்த மாடு என்று வேறொருவர் நகர்ந்திருக்கலாம். அவர் இரண்டு விஷயங்களைக் கவனித்தார். அவை பைசன் எனும் காட்டெருமையின் எலும்புகள் போலிருந்தன, ஆனால் அவர் அறிந்த பைசனைவிடப் பெரியவை. அதோடு, ஆள் உயரத்துக்கும் கீழே மண்ணுக்குள் கிடந்தன. அவ்வளவு மண் மூட எத்தனை காலம் ஆகியிருக்கும்? இதை யோசித்த நொடியிலேயே, என்னைக் கேட்டால், அவர் ஆய்வாளர்தான்.

தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்தார். அவர் உயிரோடிருந்தவரை யாரும் அங்கே அகழ வரவில்லை. 1922இல் காலமானார். அவர் சொல்லிக் கேள்விப்பட்டிருந்த கொல்லர் கார்ல் ஷ்வாக்ஹைமும் நண்பர்களும் அந்த ஆண்டின் கடைசியில்தான் ஓடைக்குப் போனார்கள்.

1926இல் டென்வர் நகர அருங்காட்சியகம் அகழாய்வைத் தொடங்கியது. மறு ஆண்டு ஆகஸ்ட்டில், விலா எலும்புகளுக்கிடையே கல் ஈட்டிமுனை ஒன்று தென்பட்டது. அதைத் தொடாமல் அப்படியே விட்டு, தந்தி அடித்து அறிஞர்களை வரவழைத்தார்கள். பூர்வகுடியினர் அமெரிக்காவுக்கு வந்து சில ஆயிரம் ஆண்டுகளே ஆயின என்று செல்வாக்குள்ள அறிஞர்கள் அடித்துச் சொல்லிவந்த காலம் அது. அந்தப் பைசன் இனமோ பனியுகத்தின் முடிவை ஒட்டி அழிந்துபோனது. நேரில் பார்த்தவர்களால் மறுக்க முடியவில்லை. 12,000 ஆண்டுகளுக்கு முன்பே பூர்வகுடி வேட்டைக்காரர்கள் அங்கே 32 பைசன்களை வீழ்த்தி, இறைச்சியை அறுத்துச் சென்றிருக்கிறார்கள் என்று இன்று அறிகிறோம்.

ஈட்டிமுனைக்கு ஊரின் பெயரை வைத்தார்கள். மெக்ஜங்கினின் பெயரை ஆய்வுலகம் பேசத் தொடங்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அவருடைய கல்லறை ஃபால்சம் இடுகாட்டில் இருக்கிறது.