நைட்டிங்கேல் அம்மையாரும் நோயாளர் காவலும்

ஆனி, ஆடித் திங்கள்களில் குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், தென்காசியினின்று அருவிக்குச் செல்லும் வழியெங்கும் மக்கள் திரள் திரளாகச் செல்வதைக் காணலாம். மூலிகைகளைத் தழுவிவரும் நீரில் ஆடினால் உடல் நலம் பெறும் என்பது நம் நாட்டாரின் நெடுநாளைய நம்பிக்கை. நலம் நாடி வருவோருள்ளும் பாசி படிந்த பாறையில் வழுக்கித் தலையில் அடிபடுவோர் உண்டு. வழியில் வண்டி மோதி உதிரம் சிந்துவோர் உண்டு. மார்பு அடைத்துச் சோர்ந்து விழும் முதியோரும் உண்டு. அன்னோர்க்குத் தென்காசி அரசினர் மருத்துவமனையே அடுத்த புகலிடம். மருத்துவர் செய்யத்தக்கன செய்து அகன்ற பின்னர், விடியுமளவும் அந்நோயாளரின் உயிர் ஒரு தாதியின் கண்ணிலும் கையிலுமே தங்கியிருக்கின்றது. நாடி தளர்வதையும் மூச்சு மாறுவதையும் முதலிற் காண்பவர் அவரே.

அங்ஙனம் காண்பதை ஒரு கல்வியாகவும், கண்டதை எழுதி எண்ணி உண்மை தேர்வதை ஓர் ஆராய்ச்சியாகவும் ஆக்கியவர் புளோரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். கைவிளக்கேந்திய காரிகை என்று அவரைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆனால் அவர் மற்றொரு கையில் ஏந்தியிருந்த கணக்கேட்டை அறிந்தோர் சிலரே.

அம்மையார் 1820-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் இத்தாலி நாட்டுப் புளோரென்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பத்திற் பிறந்தார். பிறந்த நகரின் பெயரே அவருக்குப் பெயராயிற்று. தந்தையார் மகளுக்குப் பல மொழிகளையும் தத்துவ நூல்களையும் தாமே கற்பித்தார். அம்மையாருக்கோ கணக்கில் தனி வேட்கை. நோயாளர்க்குத் தொண்டு செய்வதே தம் வாழ்க்கையின் நோக்கம் என்று இளமையிலேயே துணிந்தார். அக்காலத்தில் தாதித் தொழில் நற்குடிப் பெண்டிர்க்கு ஏலாத இழிதொழிலாகக் கருதப்பட்டமையால், தாயாரும் தமக்கையாரும் பல்லாண்டுகள் தடுத்தனர். இறுதியில் 1851-இல் ஜெர்மனி நாட்டுக் கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் மூன்று திங்கள் பயின்றார். 1853-இல் இலண்டனில் நோயுற்ற மாதர்க்கான சிறு நிலையம் ஒன்றின் தலைமை அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது.

அடுத்த ஆண்டே கிரிமியப் போர் அவரை அழைத்தது. அமைச்சர் சிட்னி ஹெர்பெர்ட்டின் வேண்டுகோளின்படி 38 தாதியருடன் புறப்பட்டு, 1854 நவம்பர் 4-ஆம் நாள் கான்ஸ்டாண்டிநோப்பிளுக்கு எதிர்க்கரையிலுள்ள ஸ்கூட்டாரியை அடைந்தார். படைவீடு ஒன்றே ஆங்கு மருத்துவமனையாக மாற்றப்பட்டிருந்தது. படுக்கையில்லை, மாற்றுடையில்லை, நல்லுணவில்லை. அம்மையார் இவற்றையெல்லாம் தேடிச் சேர்த்தார். இரவில் விளக்கேந்திக் கட்டில் கட்டிலாகச் சென்று நோயாளரைப் பார்வையிட்டார். அவர் புகழ் கடல் கடந்து பரவிற்று.

ஆயினும் சாவு குறைந்தபாடில்லை. 1855 பிப்ரவரியில் ஸ்கூட்டாரியில் நூற்றுக்கு 42 பேருக்கு மேல் மடிந்தனர். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் சுகாதாரக் குழுவினர் வந்து, கட்டிடத்தின் அடியில் தேங்கிக் கிடந்த சாக்கடைகளைத் துப்புரவாக்கி, காற்றோட்டத்திற்கும் வழிசெய்தனர். ஜூன் மாதத்தில் மடிந்தோர் தொகை நூற்றுக்கு இரண்டளவிற்கு இறங்கிற்று.

1856-இல் நாடு திரும்பிய அம்மையார், வரவேற்பு விழாக்களை விரும்பாது ஒதுங்கி, இறந்தோர் கணக்குகளை எடுத்து வைத்துக்கொண்டு ஆராயலானார். புள்ளிக்கணக்கில் வல்லவரான வில்லியம் பார் என்பார் துணைநின்றார். மடிந்த வீரருட் பெரும்பாலோர் பகைவரின் குண்டால் மாண்டவரல்லர். காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் வாந்திபேதியுமே அவர்களைக் கொன்றன என்பது தெளிவாயிற்று. தாம் இரவு பகலாகக் காத்த மருத்துவமனையிலேயே நெரிசலாலும் தூய்மைக் குறைவாலும் அத்துணை உயிர்கள் போயின என்பதும் அக்கணக்கினின்றே புலனாயிற்று. உலகமெல்லாம் போற்றிய தம் பணியைத் தம் கையாலேயே எடைபோட்டு, அதன் குறையை ஒப்புக்கொள்வது எளிதோ? அம்மையார் அதனை மறைத்தாரல்லர். அக்கணக்கை வண்ணப் படமாக வரைந்து, அரசினரும் படைத்தலைவரும் ஒருநோக்கில் உணருமாறு 1858-இல் வெளியிட்டார். அவ்வாண்டே இலண்டன் புள்ளியியற் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. அக்கழகத்திற் சேர்ந்த முதற்பெண்மணி அவரே.

கண்ட உண்மையை நடைமுறையாக்குவதே அதனினும் அரிதாயிற்று. 1860-இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தாதியர் பயிற்சிப் பள்ளி நிறுவினார். அவ்வாண்டே, எல்லா மருத்துவமனைகளும் ஒரே முறையிற் கணக்கு எழுதவேண்டும் என்று படிவங்கள் வகுத்துப் பன்னாட்டுப் புள்ளியியல் மாநாட்டின்முன் வைத்தார். மாநாட்டினர் ஏற்றனர், சில மருத்துவமனைகள் எழுதியும் பார்த்தன, ஆயினும் நாளடைவில் அம்முறை கைவிடப்பட்டது. மருத்துவமனைகளைப் பற்றிய தம் நூலின் 1863-ஆம் ஆண்டுப் பதிப்பில், சிற்றூர் மருத்துவமனைகள் சிலவற்றில் அறுவைக் கூடத்தை அடுத்து, நோயாளர் தெளியுமளவும் வைத்துக் காப்பதற்கு ஒரு சிற்றறை இருந்ததைக் குறித்தார். இன்றைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வரலாற்றை எழுதுவோர் அச்சிற்றறையினின்றே தொடங்குகின்றனர்.

அம்மையார் நம் நாட்டைக் கண்ணாற் கண்டவரல்லர். எனினும் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையினரின் சுகாதாரத்தை ஆராய 1859-இல் அமைந்த குழுவிற்காக, பாளையந்தோறும் வினாத்தாள் அனுப்பி விடை பெற்று, அக்குவியலைத் தாமே ஆராய்ந்தார். ஆண்டுதோறும் ஆயிரம் வீரருக்கு 69 பேர் மடிந்த நிலை, சீர்திருத்தங்களுக்குப் பின் 18-ஆகக் குறைந்தது என்று 1873-இல் அவர் எடுத்துக்காட்டினார். இந்திய மருத்துவமனைகளில் தாதியரை அமைக்கும் முறை பற்றி 1865-இல் ஒரு குறிப்பும் எழுதினார். சென்னைப் பொது மருத்துவமனையில் தாதியர் பயிற்சி 1871-இல் ஏற்பட்டது. கிரிமியாவிற் பற்றிய நோய் பல்லாண்டுகள் அவரை வாட்டியதால், இப்பணிகளிற் பெரும்பாலானவற்றைத் தம் அறையினுள் இருந்தே செய்தார். 1910 ஆகஸ்டு 13-ஆம் நாள், தம் தொண்ணூறாம் வயதில், இலண்டனில் உயிர் நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யும் பெருமையை உறவினர் மறுத்துவிட்டனர். ஊர்ப்புறக் கல்லறையொன்றில் எளிய முறையில் அடக்கம் நடந்தது.

அவர் தொடங்கிய வினா அவரோடு முடிந்துவிடவில்லை. 1952-இல் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியபொழுது, மூச்சிழந்தோர்க்கு மருத்துவ மாணவர் முறைபோட்டுக் கையாலேயே காற்றூட்டிப் பலரைப் பிழைப்பித்தனர். அதன் பயனாக மறு ஆண்டில் ஆங்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு எழுந்தது. கருவிகள் பெருகின, ஆயினும் அவற்றை நோக்கியிருக்கும் கண்களின் தேவை குறையவில்லை. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் அறுவை நோயாளரிடை நடந்த ஆராய்ச்சி ஒன்று 2014-இல் வெளிவந்தது. ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளர் கூடுந்தோறும், சாவு நேரும் வாய்ப்பு நூற்றுக்கு 7 அளவு கூடுவதாக அதிற் கண்டனர். அம்மையார் உயிரோடிருந்தால் இக்கணக்கைக் கண்டு வியந்திரார். இது கண்ட பின்னும் தாதியரைப் போதுமானபடி அமர்த்தாதிருப்பதைக் கண்டே வியந்திருப்பார்.

தென்காசி 2019-இல் தனி மாவட்டமாயிற்று. அருவியின் பருவத்தில் கூட்டம் பெருகும். கூட்டம் பெருகும் இரவில் மருத்துவமனையின் சுமையும் பெருகும். அவ்விரவுகளில் தாதி ஒருவர் மணிக்கு மணி கட்டிலின் காலருகே எழுதிவைக்கும் நாடிக்கணக்கும் மூச்சுக்கணக்கும், நோயாளர் வீடு திரும்பியவுடன் கட்டிவைத்து மறக்கப்படும் வெறுந்தாள்கள் அல்ல. அவற்றைத் திரும்ப எடுத்துப் படித்து, யார் பிழைத்தார், யார் பிழைத்திலர், ஏன் என்று வினவுவோர் உண்டாயின், ஸ்கூட்டாரியில் மாண்டோர் புகட்டிய பாடம் நம்மூரிலும் பயன் தரும். அவ்வாறு வினவுதற்கு வேண்டிய பயிற்சியையும் ஓய்வுநேரத்தையும் தாதியர்க்கு அளித்தல் நம் கடன். அன்பு நோயாளரின் அருகே நிற்கச் செய்யும். அவரைப் பிழைப்பிப்பது எதுவென்று அறிவதற்குக் கணக்கும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே கொண்டு வாழ்ந்தமையே நைட்டிங்கேல் அம்மையாரின் பெருமை.