சுமை தூக்கியவரின் சிகரம்

எவரெஸ்ட் என்றவுடன் மலேசியத் தமிழர்களான நமக்கு மகேந்திரன், மோகனதாஸ் என்ற இரு பெயர்கள் நினைவுக்கு வரும். 1997ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் அந்தச் சிகரத்தை அடைந்த முதல் மலேசியர்கள் அவர்கள். நான் எழுத எடுத்துக்கொண்டதோ அவர்களுக்கு 44 ஆண்டுகள் முன்னதாக அங்கே நின்ற ஒருவரைப் பற்றி. பொது அறிவுப் புதிர்ப்போட்டிகளில் ஹில்லரியின் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவாரே, அந்த டென்சிங் நோர்கேதான் அவர்.

டென்சிங் பிறந்தது 1914ஆம் ஆண்டு என்பார்கள். பிறந்த நாள் இன்னதென்று அவருக்கே தெரியாது. மலையடிவாரத்தில் யாக் மேய்த்த குடும்பம். 13 பிள்ளைகளில் அவர் 11ஆவது. பள்ளிக்கூடம் போனதில்லை. செர்பா மக்கள் எவரெஸ்டைச் சோமோலுங்மா என்று அழைத்துத் தெய்வமாக வணங்குவார்கள். பறவைகூடப் பறந்து கடக்க முடியாத மலை என்று தாய் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவர். வணங்க வேண்டிய மலையின் உச்சியைத் தொட வேண்டும் என்ற ஆசை அவருக்கு எப்படி வந்ததோ!

18 வயதில் வீட்டை விட்டு டார்ஜிலிங் வந்தார். மலையேறும் வெள்ளைக்காரர்கள் சுமைதூக்கிகளைத் தேர்ந்தெடுத்த ஊர் அது. 1933ஆம் ஆண்டுக் குழு அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1935இல் எரிக் ஷிப்டன் கடைசி நேரத்தில் சேர்த்துக்கொண்டார். அனுபவமே இல்லாத அந்த இளைஞருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது அவருடைய சிரிப்புதான். நாள் கூலி 12 அணா. பனிக்கோட்டுக்கு மேலே போனால் 1 ரூபாய்.

இந்தக் கூலிக் கணக்கை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். ஐரோப்பியருக்கு மலை ஒரு கனவு, செர்பாக்களுக்கு அது பிழைப்பு என்று பொதுவாக எழுதுவார்கள். டென்சிங்கின் வாழ்க்கை அந்தக் கோட்டுக்குள் அடங்கவில்லை. கூலிக்குப் போன இடத்தில் அவருக்குள்ளும் அதே கனவு முளைத்தது. 1938இல் 8,200 மீட்டருக்கு மேல் சுமை கொண்டு சென்று, புலிப் பதக்கம் பெற்றார். 1947இல் ஏர்ல் டென்மன் என்ற கனடாக்காரர், அனுமதியும் இல்லாமல், போதிய பணமும் இல்லாமல், திபெத்துக்குள் திருட்டுத்தனமாகப் போய் எவரெஸ்ட் ஏறலாம் என்று கூப்பிட்டார். நடக்காத காரியம் என்று டென்சிங்குக்கு நன்றாகத் தெரியும். குடும்பம் வேறு இருந்தது. ஆனாலும் போனார்! கூலியைக் கணக்குப் பார்க்கிறவர் செய்கிற செயலா இது?

கடந்த ஆண்டு நண்பர்களோடு நான் கினபாலு மலை ஏறினேன். 4,095 மீட்டர்தான், எவரெஸ்டில் பாதிகூட இல்லை. 3,000 மீட்டரைத் தாண்டியதும் தலை கனத்தது. பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினேன். என் பையில் இருந்ததோ ஒரு தண்ணீர்ப் புட்டியும் மழைச்சட்டையும். அப்போது, என் தாயார் வயதுள்ள டூசுன் பெண்மணி ஒருவர், முதுகில் எரிவாயுத் தோம்பைக் கட்டிக்கொண்டு என்னைக் கடந்து மேலே போனார். டென்சிங்கைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கியது அதன்பிறகுதான்.

1952ஆம் ஆண்டுதான் அவர் வாழ்க்கையின் உயரம் என்பது என் கருத்து. சுவிட்சர்லாந்துக் குழு அவரைச் சுமைதூக்கியாக மட்டும் நடத்தாமல், ஏறுபவர்களில் ஒருவராகவே சேர்த்துக்கொண்டது. பனிக்கடியில் கால்விரல்களை இழந்திருந்த ரேமண்ட் லம்பேர் அவருக்குத் துணை. ஒருவர் மொழி மற்றவருக்குச் சரியாகத் தெரியாது. சுமார் 8,400 மீட்டர் உயரத்தில், உறங்கும் பையும் அடுப்பும் இன்றி, மெழுகுவத்தியில் பனியை உருக்கிக் குடித்து, இருவரும் ஓர் இரவைக் கழித்தார்கள். தூங்கினால் உறைந்து போவோம் என்பதால் ஒருவரையொருவர் தட்டித் தேய்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். உயிர்வாயுக் கருவியோ நடக்கும்போது சரியாக வேலை செய்யவில்லை. மறுநாள் தவழ்ந்தும் நின்றும் சுமார் 200 மீட்டர் ஏறிவிட்டுத் திரும்பினார்கள். சிகரம் ஏறத்தாழ 250 மீட்டர் தொலைவில்தான் இருந்தது. இன்னும் போயிருக்கலாம், திரும்பி வந்திருக்க முடியாது.

1953இல் ஜான் ஹன்ட் தலைமையிலான பிரிட்டிஷ் குழு அழைத்தது. காட்மாண்டுவில் செர்பாக்களைப் பிரிட்டிஷ் தூதரகத்தின் வண்டிக் கொட்டகையில் படுக்க வைத்தார்கள். அங்கே கழிப்பிடம்கூட இல்லை. டென்சிங்குக்குத் தனி அறை கொடுக்கப்பட்டும், அவர் தம் மக்களோடு கொட்டகையிலேயே படுத்தார். பின்னர் பனியருவிப் பகுதியில் ஹில்லரி ஒரு பிளவுக்குள் விழுந்தபோது, கயிற்றை இறுகப் பிடித்துக் காப்பாற்றியவரும் டென்சிங்தான். மே 29ஆம் நாள் காலை 11.30 மணிக்கு இருவரும் உச்சியில் நின்றார்கள். லம்பேர் கொடுத்த சிவப்புக் கழுத்துத்துணியை டென்சிங் அணிந்திருந்தார். தெய்வத்துக்குப் படையலாக இனிப்புகளையும், மகள் நீமா கொடுத்தனுப்பிய சிறு பென்சிலையும் பனியில் புதைத்தார். இருந்தது சுமார் 15 நிமிடந்தான்.

கீழே இறங்கியதும் வேறொரு மலை காத்திருந்தது. இந்தியரா, நேபாளியா என்று இழுபறி. முதலில் கால் வைத்தவர் யார் என்று ஓயாத கேள்வி. ஹன்டுக்கும் ஹில்லரிக்கும் சர் பட்டம் கிடைத்தது. டென்சிங்குக்கு ஜார்ஜ் பதக்கம் மட்டுமே. ஆசிய மக்களில் பலர் அவரே முதல்வர் என்று நம்ப விரும்பினார்கள். அவரும் வாய் மூடி இருந்திருக்கலாம். எழுதத் தெரியாத அவர், 1955இல் பிறர் எழுத்தின் துணையோடு வெளியிட்ட தம் வரலாற்றில், ஹில்லரி சில அடிகள் முன்னால் போனார், தாம் பின்னால் போனோம் என்று சொல்லிவிட்டார். தம்மைத் தூக்கிக் கொண்டாடியவர்களை ஏமாற்றும் என்று தெரிந்தே சொன்னார். 8,848 மீட்டர் ஏறியதைவிட எனக்கு இது பெரிதாகப்படுகிறது.

1954இல் டார்ஜிலிங்கில் இமயமலை மலையேற்றக் கழகம் தொடங்கப்பட்டபோது களப்பயிற்சி இயக்குநர் ஆனார். 12 அணாக் கூலிக்கு வரிசையில் நின்ற ஊரிலேயே 20 ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராக இருந்தார். 1986ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் அங்கேயே காலமானார். ஹில்லரி இறுதிச் சடங்குக்கு வந்திருந்தார்.

தம் பிள்ளைகள் எவரெஸ்ட் ஏறுவதை டென்சிங் விரும்பவில்லை. ஆயினும் மகன் ஜாம்லிங் 1996ஆம் ஆண்டு மே மாதம் உச்சியை அடைந்தார். பெற்றோரின் படத்தோடு, தம் பெண்குழந்தையின் விளையாட்டுப் பொருள் ஒன்றையும் அங்கே பனியில் வைத்துவிட்டு வந்தார்.