பனிக்கடலோரத்து மருத்துவர்

மருந்துப் பெட்டியோடு எழுதுகோலையும் சுமந்து சென்றவர் என்பதனாலேயே வில்ஃபிரட் கிரென்ஃபெல் நம் வட்டத்தாரின் நினைவுக்கு உரியவராகின்றார். அவ்வெழுதுகோல் எழுப்பிய மருத்துவமனைகளும் உண்டு. அது புண்படுத்திய நெஞ்சங்களும் உண்டு.

இங்கிலாந்தில் பார்க்கேட் என்னும் கடலோரச் சிற்றூரில் 1865-ஆம் ஆண்டு பிறந்தார். இலண்டனில் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஃபிரடெரிக் டிரீவ்ஸிடம் பயின்ற நாளில், 1885-இல், மூடி என்ற அமெரிக்கச் சமயப் பேச்சாளரின் கூடாரக் கூட்டத்திற்குள் தற்செயலாய் நுழைந்தார். அன்றைய மாலை அவர் வாழ்வின் திசையை மாற்றியது. வடகடல் மீனவர்க்கென அமைந்த அருட்பணிச் சங்கத்தில் மருத்துவராய்ச் சேர்ந்தார். 1892-இல் அச்சங்கம் அவரை அட்லாண்டிக்குக்கு அப்பால், நியூஃபவுண்ட்லாந்துக்கும் லாப்ரடார் கரைக்கும் அனுப்பியது.

அங்கே கண்ட காட்சி அவரை உலுக்கிற்று. புல்மண் குடிசையொன்றில் இருமித் தளர்ந்த மீனவன் ஒருவன். அருகே தண்ணீர் புகட்டும் மனைவி. சுற்றிலும் சிறு பிள்ளைகள். கப்பல் காத்திருந்தது, மருத்துவரால் தங்க இயலவில்லை. திரும்பி வந்தபோது அவன் மண்ணுக்குள் போயிருந்தான். அக்கோடையில் ஏறத்தாழ 900 நோயாளிகளைப் பார்த்தவருக்கு, அந்த ஒருவனே மறவாதவன் ஆனான் போலும். மறு ஆண்டே பேட்டில் ஹார்பரில் மருத்துவமனை திறக்கப்பட்டது.

நோயின் வேர் வறுமை என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். இளவேனிலில் உப்பும் மாவும் வலையும் கடனாய்த் தருபவர் வணிகர். இலையுதிர்காலத்தில் காட் மீனுக்கு விலை வைப்பவரும் அவரே. காசைக் கண்ணால் காணாமலே முதுமையடைந்த மீனவர் பலர். 1896-இல் ரெட் பே என்ற ஊரில் கூட்டுறவுக் கடை எழக் கிரென்ஃபெல் துணைநின்றார். வணிகர் பகை அன்றே தொடங்கியது. அவருடைய எல்லா முயற்சியும் வென்றதென்று சொல்வதற்கில்லை. லாப்லாந்திலிருந்து தருவித்த 300 கலைமான்களால் வளர்ந்த மந்தை, திருட்டு வேட்டையால் சில ஆண்டுகளில் சிதைந்தது. வெள்ளை மாவே உண்டு பெரிபெரி நோயுற்ற மக்களுக்குத் தவிட்டு மாவை வற்புறுத்தினார். அவர்கள் எளிதில் ஏற்கவில்லை. (அக்கரையில் இந்நோயை ஆராய்ந்த ஆய்க்ராய்ட் என்பவரே, பின்னர் நம் குன்னூர் ஆய்வகத்தின் இயக்குநராய் 1935-இல் வந்தார்.)

1908 ஏப்ரல். ஈஸ்டர் திருநாளன்று, காலெலும்பு சீழ்பிடித்த சிறுவனுக்காக அழைப்பு வந்தது. நாய்வண்டி பூட்டிப் புறப்பட்டார். உறைந்த விரிகுடாவைக் குறுக்கே கடக்கையில் காற்று திசைமாறப் பனித்தளம் உடைந்தது. அவரும் நாய்களும் ஒரு பனித்துண்டின்மேல் கடலை நோக்கி மிதந்தனர். நனைந்த உடல், நெருங்கும் இரவு. தம்மை நம்பி வந்த நாய்களில் மூன்றைத் தம் கையாலேயே கொன்று, தோலைப் போர்த்திக்கொண்டார். எஞ்சிய நாய்களை அணைத்தபடி இரவைக் கழித்தார். விடிந்ததும் செத்த நாய்களின் உறைந்த கால்களைக் கட்டிக் கொடிக்கம்பமாக்கிச் சட்டையை ஏற்றி அசைத்தார். கரையில் கண்டுகொண்ட மீனவர், மோதும் பனிக்கட்டிகளிடையே படகைத் தள்ளிவந்து மீட்டனர். சிறுவன் பின்னர்ப் படகில் கொணரப்பட்டு, அறுவை முடிந்து தேறினான். மூன்று நாய்களின் பெயரையும் வெண்கலத் தகட்டில் பொறித்துத் தம் இல்லத்தில் வைத்தார் கிரென்ஃபெல்.

இந்நிகழ்ச்சியை அவர் சிறு நூலாக்கினார். 1909-இல் வெளிவந்த அந்நூல் அவரை அமெரிக்காவெங்கும் அறியச் செய்தது. நூலும் சொற்பொழிவும் கொணர்ந்த பணத்தில் மருத்துவமனைகளும் பள்ளிகளும் அநாதை இல்லமும் வளர்ந்தன. ஆனால் கொடை வேண்டித் தங்கள் நாட்டின் பசியையும் கந்தலையும் அயலார் அவையில் விரித்துக் காட்டுகிறார் என்று நியூஃபவுண்ட்லாந்தின் தலைநகரத்தார் மனம் வெதும்பினர். அக்குறையை வெறும் வணிகர் பொறாமையென்று ஒதுக்க என்னால் இயலவில்லை. பிறர் துயரைப் பாடுபொருளாக்கும் நம்மவர் எவருக்கும் அது அயலான கேள்வியன்று. 1917-இல் அரசு நடத்திய விசாரணை பெரிதும் அவர்க்குச் சாதகமாகவே முடிந்தது. எனினும் மனத்தாங்கல் முற்றும் தீரவில்லை.

1927-இல் சர் பட்டம் பெற்றார். 1938-இல் துணைவியார் ஆன் மறைந்தார். 1940 அக்டோபர் 9-இல் அமெரிக்காவின் வெர்மாண்டில் கிரென்ஃபெல் காலமானார். அவரது சாம்பலை, செயின்ட் அந்தோணி ஊரின் குன்றொன்றில், மனைவியின் சாம்பலுக்கு அருகே பாறையில் வைத்தனர்.