இமையின் அளவறிந்த மருத்துவ மேதை

வல்ல அல்லாஹ் நமக்கு அருளிய நிஃமத்துகளுள் கண் தலைசிறந்தது. அதனைக் காக்கும் கதவாக இமையை அமைத்தான். அவ்விமை தளர்ந்து தொங்கினாலும், உட்புறம் திரும்பி அதன் மயிர்கள் விழியை உராய்ந்தாலும் மனிதன் படும் துன்பம் கொஞ்சமன்று. இமையைத் திருத்தும் அறுவைச் சிகிச்சை இக்காலத்து மேனாட்டார் கண்டது என நீங்கள் எண்ணியிருக்கலாம். பண்டைய இந்தியரும் கிரேக்கரும் அறிந்திருந்த அக்கலையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் விரிவாக எழுதிவைத்த முஸ்லிம் மேதை ஒருவர் உண்டு. அவரே அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ.

ஸ்பெயின் நாட்டின் குர்துபா நகருக்கு அருகே, கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் எழுப்பிய மதீனத்துஸ் ஸஹ்ராவில் கி.பி. 936-ஐ ஒட்டி அன்னார் பிறந்தார். மதீனத்து அன்ஸாரிகளின் வழித்தோன்றல் எனப் போற்றப்பட்டார். வாழ்நாள் அனுபவத்தையெல்லாம் திரட்டி, கி.பி. 1000 வாக்கில் ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் நூலை 30 பாகங்களாக நிறைவு செய்தார். அதன் இறுதிப் பாகம் அறுவைச் சிகிச்சையைப் பற்றியது. ஏறத்தாழ 200 கருவிகளின் படங்கள் அதில் இடம்பெற்றன. 1013 வாக்கில் அன்னார் மறைந்தார். 12-ஆம் நூற்றாண்டில் அந்நூலின் அறுவைச் சிகிச்சைப் பாகம் இலத்தீன் மொழியில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பிய மருத்துவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் வழிகாட்டியது.

மாணவர்களைத் தம் மக்களாகவே கருதிய அவர், உடற்கூறு அறியாமல் கத்தியைத் தொடலாகாது என்றும், பொருளாசையால் ஆபத்தான சிகிச்சையில் இறங்கலாகாது என்றும் எச்சரித்தார்.

இமைச் சிகிச்சையில் அவருடைய முறையைக் கவனியுங்கள். நீக்கவேண்டிய தோலை முதலில் மையினால், இரு முனையும் கூர்ந்த இலைபோல் வரைந்துகொள்வார். பிறகே அறுத்து, விளிம்புகளை நூலால் தைப்பார். எவ்வளவு நீக்குவது என்பது ஆளுக்கு ஆள், இமையின் தளர்ச்சிக்கேற்ப வேறுபடும் என்று தெளிவுறுத்தினார். இமை மூடாது நிற்கும் நோய்க்கு, அறுவையும் சூடும் கூடக் காரணமாகலாம் என்பதையும் மறைக்காது எழுதினார்.

சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் கவாத்துச் செய்வோரைக் கேட்டுப் பாருங்கள். கொடியின் வலிமை பார்த்தே வெட்டுவார்கள். கொடியாவது மீண்டும் துளிர்க்கும். அறுத்தெறிந்த இமைத்தோல் மீண்டும் வளராது. மிகுதியாக நீக்கினால் கண் முழுதும் மூடாமல் உலர்ந்து எரியும். அழகு நாடிப் போனவர் அல்லலோடு திரும்புவார்.

இன்று இச்சிகிச்சை பெற்றோரில் மனநிறைவு அடைவோர் யார்? தொங்கும் தோல் பார்வையை மறைத்ததால் போனவர்கள். வீக்கமும் கன்றலும் சில வாரங்கள் இருக்கும், இரு கண்களும் இம்மியும் பிசகாது ஒன்றுபோல் அமையா என்பதை முன்னரே மருத்துவர் வாயிலாகக் கேட்டறிந்தவர்கள். இமையைத் திருத்தினால் இளமையும் திரும்பும், வாழ்வே மாறும் என்று நம்பிச் சென்றவரோ, சிகிச்சை செவ்வனே முடிந்தாலும் குறைப்பட்டுக்கொள்வார். அவருடைய குறை இமையில் இல்லை, எதிர்பார்ப்பில் இருக்கிறது.

போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குப் பொன்னாலான மூக்கைப் பொருத்திக்கொள்ள அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அனுமதியளித்த வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். குறையை நீக்கிக்கொள்வதை மார்க்கம் தடுக்கவில்லை. வீண் அலங்காரத்திற்காகப் படைப்பை மாற்றுவதையே கண்டிக்கிறது. ஆகவே மருத்துவரிடம் செல்லுமுன் உங்கள் நிய்யத்தை நீங்களே வினவிக்கொள்ளுங்கள். எவ்வளவு நீக்குவார், என்ன தீங்கு நேரலாம் என அவரிடமும் கேளுங்கள். அளவறிந்த மருத்துவரும், ஆசையின் அளவறிந்த நோயாளியும் சேர்ந்தால்தான் மனநிறைவு பிறக்கும். அத்தகைய தெளிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.